ஆய்வேட்டில் எதை எங்கே எழுதுவது? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் என்று நம் பக்கத்தில் ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் நிறையப்பேர். இறுதியாண்டு வந்தால் சிலர் வரைவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு விறாந்தைக்கும் வருவார்கள். பல வருடமாக அவற்றைப் படித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அத்தியாயத் தலைப்புகள் எல்லாருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு தலைப்பும் வாசிப்பவரின் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் நல்ல தரவு வைத்திருக்கிற பிள்ளைகூட அதைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டுத் தவிக்கிறது.

விளக்கத்துக்கு ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. இரண்டையும் இணைக்கும் மண்முனைப் பாலம் ஜப்பானிய உதவியோடு கட்டி 2014இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் அந்த இடத்தில் வாவியைக் கடக்கப் ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவைதான். ஒரு மாணவி, பாலம் வந்தபின் படுவான்கரையில் பாலும் தயிரும் விற்கும் குடும்பங்களின் வியாபாரம் எப்படி மாறியது என்று ஆராய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேடு, ஆய்வுக்கட்டுரை, தீசிஸ், டிசர்ட்டேஷன்: எல்லாம் ஒன்றா?

ஆய்வேடு என்பது பட்டத்துக்காகச் சமர்ப்பிப்பது. பரிசோதகர்கள் இரண்டு மூன்று பேர் வரிவரியாகப் படிப்பார்கள். உங்களுக்கு அந்தத் துறை தெரியும், ஆய்வு செய்யத் தெரியும் என்று அதில் காட்ட வேண்டும். ஆய்வுக்கட்டுரை சஞ்சிகையில் வருவது. அதைப் படிப்பவர் ஏற்கெனவே துறை தெரிந்தவர், புதிதாக என்ன கண்டுபிடித்தீர்கள் என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும். நீளமும் அதற்கேற்ப மாறும். பல பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் கலாநிதி ஆய்வேட்டுக்கு 80,000 முதல் 100,000 சொற்கள்வரை மேல் எல்லை உண்டு. சஞ்சிகைக் கட்டுரைக்குச் சில ஆயிரம் சொற்கள்தான்.

தீசிஸ், டிசர்ட்டேஷன் என்ற பெயர்களில் குழம்ப வேண்டாம். பிரித்தானிய வழக்கில் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதுவது தீசிஸ், அமெரிக்க வழக்கில் அதுவே டிசர்ட்டேஷன். தமிழில் இரண்டுக்கும் ஆய்வேடு என்று சொல்லிவிட்டால் சிக்கலே இல்லை.

ஐந்து அத்தியாயம் கட்டாயமா?

சமூக விஞ்ஞானம், முகாமைத்துவம், கல்வியியல், புவியியல் போன்ற துறைகளில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: அறிமுகம், இலக்கிய மீளாய்வு, ஆய்வு முறையியல், தரவுப் பகுப்பாய்வும் கலந்துரையாடலும், முடிவுரையும் விதந்துரைகளும். இது வழக்கம், சட்டம் இல்லை. பகுப்பாய்வு பெரிதாக இருந்தால் அதை இரண்டு அத்தியாயமாக உடைக்கலாம். ஆனால் உங்கள் திணைக்களத்தின் கையேடு ஐந்து என்று சொன்னால் ஐந்துதான்.

இதன் எலும்புக்கூடு சஞ்சிகைக் கட்டுரையிலிருந்து வந்தது. முதல் அறிவியல் சஞ்சிகைகள் 1665இல் பாரிஸிலும் இலண்டனிலும் தொடங்கின. அப்போது கட்டுரைகள் பெரும்பாலும் கடிதம் மாதிரி இருந்தன: இன்றைக்கு இதைச் செய்தேன், அப்புறம் இதைப் பார்த்தேன் என்று நடந்த வரிசையில் போகும். அறிமுகம், முறை, பெறுபேறு, கலந்துரையாடல் என்ற நான்கு பகுதி வடிவம் இருபதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. மருத்துவச் சஞ்சிகைகளில் 1980களில் அதுவே பொது வழக்கமாகிவிட்டது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை இம்ராட் என்பார்கள். காரணம் எளியது. வாசிப்பவருக்கு நேரமில்லை. முறை எங்கே இருக்கும், பெறுபேறு எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வேண்டிய இடத்துக்கு நேரே போய்விடுவார்.

நாலு கேள்வியாக நினைத்துப் பாருங்கள். ஏன் செய்தாய்? எப்படிச் செய்தாய்? என்ன கண்டாய்? அதனால் என்ன? உங்கள் வரைவில் எந்தப் பந்தியை எடுத்தாலும் அது இந்த நாலில் ஒன்றுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டுக்குச் சேர்த்துச் சொன்னால் பந்தியைப் பிரியுங்கள். எதற்கும் சொல்லவில்லை என்றால் வெட்டுங்கள், மனம் கேட்காவிட்டாலும்.

நான் கூத்தைப் பற்றி எழுதுகிறேன். ‘முறையியல்’, ‘தரவு’ என்றெல்லாம் போட வேண்டுமா?

தமிழ், வரலாறு, நுண்கலை படிக்கும் பிள்ளைகளுக்கு இது உண்மையான தலையிடி. வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் ஆட்ட முறையை ஒப்பிடும் ஆய்வையோ, வைகாசிக் கண்ணகி சடங்கில் வழக்குரை பாடும் மரபைப் பற்றிய ஆய்வையோ ஐந்து பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும். இங்கே அத்தியாயங்கள் பொருள்வழி போகும். முதலில் அறிமுகம், அப்புறம் வரலாற்றுப் பின்னணி, பிறகு உங்கள் வாதத்தின் ஒவ்வொரு படிக்கும் ஓர் இயல், கடைசியில் முடிவு. முறை என்பது தனி அத்தியாயமாக இல்லாமல் அறிமுகத்திலேயே இரண்டு மூன்று பக்கமாக வரலாம்: எந்த ஊர்க் களரிகளைப் பார்த்தேன், கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவிமாரோடு பேசினேன், எந்த ஏட்டுப் பிரதியை எடுத்தேன், ஏன் அதை எடுத்தேன். அதைச் சொல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் மண்ணிலேயே இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அவருடைய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. பாயிரவியலில் தொடங்கி, யாழுறுப்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல் என்று நடந்து ஒழிபியலில் முடிகிறது. கருவியின் உறுப்பைச் சொல்லாமல் பண்ணைச் சொல்ல முடியாது, பண்ணைச் சொல்லாமல் தேவார இசைக்குப் போக முடியாது. பொருள்தான் அங்கே வரிசையைத் தீர்மானிக்கிறது. உங்கள் ஆய்வுக்கும் அப்படி ஒரு வரிசை இருக்கும், அதைத் தேடுங்கள்.

அறிமுக அத்தியாயத்தில் என்ன என்ன வர வேண்டும்? எனக்கு அதுவே 40 பக்கம் போய்விட்டது.

40 பக்கம் போனதற்குக் காரணம் தெரியும். மட்டக்களப்பு மாவட்டத்தின் அமைவிடம், காலநிலை, சனத்தொகை, வரலாறு எல்லாவற்றையும் அதில் கொட்டியிருப்பீர்கள். பால் விற்பனைக்கு எது தேவையோ அது மட்டும் இருக்கட்டும்.

ஜோன் சுவேல்ஸ் என்ற மொழியியலாளர் ஆய்வுக்கட்டுரை அறிமுகங்களைப் பகுத்துப் பார்த்து, அவை மூன்று நகர்வுகளில் போகின்றன என்று காட்டினார். முதலில் களத்தைக் காட்டுவது. அடுத்து அதில் ஒரு வெற்றிடத்தைக் காட்டுவது. மூன்றாவது அந்த வெற்றிடத்தில் தான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்வது. நம் மாணவிக்கு அது இப்படி வரும். போக்குவரத்து வசதி கூடினால் கிராமத்து உற்பத்தியாளருக்குச் சந்தை விரியும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஒரே நாளில் கெட்டுப்போகும் பாலையும், இரண்டு மூன்று நாள் தாங்கும் தயிரையும் பாலம் ஒரேமாதிரிப் பாதிக்குமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது. மூன்றாவது நகர்வுக்குள்தான் ஆய்வுப் பிரச்சினை, நோக்கங்கள், ஆய்வு வினாக்கள், கருதுகோள், எல்லை எல்லாம் அடங்கும்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. பவணந்தி முனிவரின் நன்னூல் சிறப்புப் பாயிரத்தில் வர வேண்டிய எட்டைச் சொல்கிறது: ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன். ‘வழி’ என்பதை இன்றைய இலக்கிய மீளாய்வின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘எல்லை’ என்பதை ஆய்வு எல்லையோடும், ‘பயன்’ என்பதை ஆய்வின் முக்கியத்துவத்தோடும் வைத்துப் பாருங்கள். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு என்றும் அந்நூல் சொல்கிறது. வகுப்பில் நன்னூல் படித்த பிள்ளைகள் அறிமுகம் எழுதத் தெரியாமல் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். இந்தப் பட்டியலை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டே ஓர் அறிமுகம் எழுதிவிடலாம்.

இலக்கிய மீளாய்வில் எத்தனை பேரைக் காட்ட வேண்டும்?

எண்ணிக்கை கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. இன்னார் இந்த ஆண்டில் இப்படிச் சொன்னார், இன்னார் அந்த ஆண்டில் அப்படிச் சொன்னார் என்று ஆளுக்கொரு பந்தியாக 30 பேரை வரிசையில் நிறுத்தினாலும் அது மீளாய்வாகாது. கருத்துவழி அடுக்குங்கள். வீதி, பாலம் வந்தால் வருமானம் கூடுகிறது என்பவர்கள் ஒரு பக்கம், லாபம் இடைத்தரகருக்குத்தான் போகிறது என்பவர்கள் மறுபக்கம். ஏன் முரண்படுகிறார்கள்? ஆராய்ந்த பொருள் வேறா, நாடு வேறா, முறை வேறா? அந்த இடத்தில் உங்கள் வெற்றிடம் தானாக வெளிப்படும். மீளாய்வின் கடைசிப் பந்தி அந்த வெற்றிடத்தில் வந்து நிற்க வேண்டும்.

தமிழில் வந்ததைத் தேட நூலகம் இணையத்தளத்தை முதலில் பாருங்கள். ஈழத்து நூல்கள், பழைய சஞ்சிகைகள், மலர்கள் அங்கே ஏராளமாக எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன. கூகுள் ஸ்கொலரில் மட்டும் தேடிவிட்டுத் ‘தமிழில் ஆய்வுகள் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொண்டுவந்த வரைவுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதுமுன் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆய்வேடுகள் இருக்கும் அலுமாரியையும் ஒருதரம் பாருங்கள்.

முறையியல் அத்தியாயம் எவ்வளவு விரிவாக?

உங்களுக்குத் தெரியாத ஒருவர் உங்கள் அத்தியாயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்குப் போய் அதே ஆய்வை மறுபடி செய்ய முடிய வேண்டும். அந்த அளவுக்கு. எந்தக் கிராம சேவகர் பிரிவுகள், ஏன் அவை, எத்தனை குடும்பங்களில் எத்தனையை எடுத்தீர்கள், எப்படி எடுத்தீர்கள், வினாக்கொத்தா நேர்காணலா, எந்த மாதங்களில் போனீர்கள். மாதத்தைச் சொல்வது இங்கே முக்கியம். மாரி மழையில் மேய்ச்சல் தரை வெள்ளத்துக்குள் போகும் காலத்தில் கேட்டால் ஒரு பதில், கோடையில் கேட்டால் வேறு பதில் வரும்.

மாதிரி அளவைப் பற்றி அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று. கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 200 பேர் உள்ள குடித்தொகைக்கு 132 பேர், 500 பேருக்கு 217 பேர், 1000 பேருக்கு 278 பேர் எடுக்க வேண்டும். அட்டவணை நல்லதுதான். ஆனால் அது எழுமாற்றாகத் தெரிவு செய்த மாதிரிக்கு உரியது. பெயர்ப்பட்டியல் எடுத்து, எல்லாருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத் தெரிவு செய்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். தெருவில் கண்ட, வீட்டில் இருந்த 217 பேரிடம் வினாக்கொத்தைக் கொடுத்துவிட்டு அந்த அட்டவணையைச் சான்று காட்டினால் பரிசோதகர் முதல் கேள்வியே அங்கேதான் கேட்பார். எழுமாற்றாக எடுக்க முடியவில்லையா? வசதி மாதிரி, அதாவது கைக்கு எட்டியவர்களை எடுத்த மாதிரி, என்று நேர்மையாக எழுதுங்கள், அதன் வரம்பையும் சொல்லுங்கள். அப்படி எழுதியதற்காக யாரும் உங்களைக் குறைவாக மதிக்க மாட்டார்கள்.

பதில் தந்தவர்களின் சம்மதத்தைப் பெற்ற விதத்தையும், பெயரை மறைத்த விதத்தையும் இங்கேயே எழுதிவிடுங்கள். சிறிய ஊர். ‘ஐந்து எருமை வைத்திருக்கும் விதவை’ என்று எழுதினால் பெயரே தேவையில்லை, ஊருக்கே ஆளைத் தெரிந்துவிடும்.

பெறுபேறுக்கும் கலந்துரையாடலுக்கும் என்ன வித்தியாசம் சேர்? எனக்கு இரண்டும் ஒன்றாகவே வருகிறது.

தங்கச்சி, இதை இப்படிப் பாருங்கள். பாலம் வந்தபின் பால் விற்கும் தூரம் கூடியது, தயிர் விலை அவ்வளவாக மாறவில்லை என்று உங்கள் அட்டவணை காட்டுகிறது என்று வைப்போம். அதைச் சொல்வது பெறுபேறு. ஏன் அப்படி இருக்கலாம், முந்தைய ஆய்வாளர் சொன்னதோடு இது ஒத்துப்போகிறதா, ஒத்துப்போகாவிட்டால் காரணம் என்ன என்று பேசுவது கலந்துரையாடல். முதலாவதில் நீங்கள் சாட்சி, இரண்டாவதில் வழக்கறிஞர்.

அட்டவணையில் இருப்பதை அப்படியே வசனமாகத் திரும்ப எழுதாதீர்கள். ஆண்கள் இத்தனை வீதம், பெண்கள் இத்தனை வீதம் என்று வினாக்கொத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வட்ட வரைபு போட்டுப் பக்கத்தை நிரப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அட்டவணையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். பகுப்பாய்வை வினாக்கொத்தின் வரிசையில் எழுதாமல் ஆய்வு வினாக்களின் வரிசையில் எழுதுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி ஆய்வேடுகள் தலைநிமிர்ந்து நிற்கும்.

முடிவுரையில் அரசுக்கு நிறைய விதந்துரைகள் எழுதலாமா?

ஒவ்வொரு விதந்துரைக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு பக்க எண் போட்டுப் பாருங்கள்: இது எந்தப் பெறுபேற்றிலிருந்து வருகிறது? எண் போட முடியாததை வெட்டுங்கள். ‘இளைஞருக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்’ என்பது எந்த ஆய்வேட்டிலும் ஒட்டும், அதனாலேயே எதற்கும் உதவாது. பால் சேகரிப்பு நிலையத்தில் குளிரூட்டி இல்லாததால் மாலைப் பால் வீணாகிறது என்று நீங்கள் கண்டிருந்தால், குளிரூட்டி வேண்டும் என்று எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. முடிவுரையில் புதுத் தரவும் புது மேற்கோளும் வரக்கூடாது.

ஆய்வுச் சுருக்கத்தை எப்போது எழுதுவது?

கடைசியில். ஆனால் அதிகம் பேர் படிக்கப்போவது அதைத்தான். 250 சொற்களுக்குள் பின்னணி ஒரு வசனம், நோக்கம் ஒரு வசனம், முறை இரண்டு, பெறுபேறு மூன்று நாலு, முடிவு ஒன்று. ‘பெறுபேறுகள் ஆராயப்பட்டுள்ளன’ என்று எழுதாமல் பெறுபேற்றையே சொல்லுங்கள். தமிழில் எழுதும் ஆய்வேட்டுக்கும் ஆங்கிலச் சுருக்கம் கேட்டால் அதை இயந்திர மொழிபெயர்ப்பிடம் விட்டுவிடாமல், ஆங்கிலத்தில் தனியாக எழுதி ஒருவரிடம் காட்டுங்கள்.

அப்படியானால் எந்த வரிசையில் எழுதுவது?

வாசிக்கும் வரிசை வேறு, எழுதும் வரிசை வேறு. களத்துக்குப் போய் வந்த சூட்டோடு முறையியலை எழுதுங்கள், அப்போதுதான் விவரம் மறக்காது. அடுத்து அட்டவணைகளும் பெறுபேறும். பிறகு கலந்துரையாடல், முடிவுரை. மீளாய்வு தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். அறிமுகத்தின் வரைவு முன்மொழிவிலேயே இருக்கும், அதைக் கடைசியில் திருத்துங்கள். சுருக்கமும் நன்றியுரையும் எல்லாம் முடிந்தபின்.

உசாத்துணையில் தமிழ்ப் பெயர்களை எப்படிப் போடுவது?

ஏபிஏ, ஹாவர்ட் என்ற உசாத்துணை முறைகள் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. பெயருக்கு முன்னால் உள்ள எழுத்து தகப்பன் பெயருடையது. ஆகவே ஆளின் சொந்தப் பெயரை முன்னால் போட்டு, காற்புள்ளிக்குப் பின் முதலெழுத்தைப் போடுங்கள். அகரவரிசையும் சொந்தப் பெயரின்படிதான். கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் மூன்று நாலு முதலெழுத்தோடு வரும் முஸ்லிம் பெயர்களுக்கும் இதே வழி. ஆங்கிலச் சஞ்சிகைகளில் தகப்பன் பெயர் எழுத்தாளர் பெயராக மாறி, தன் கட்டுரையைத் தானே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போனவர்களும் உண்டு. முதல் கட்டுரையிலேயே உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று தீர்மானித்து, ஆய்வாளரை அடையாளம் காட்ட ஓர்கிட் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உசாத்துணைப் பட்டியலை ஸொட்டேரோ, மென்டலி போன்ற மென்பொருளில் முதல்நாளே தொடங்கினால் கடைசி வாரத்தில் நித்திரை கொள்ளலாம். ஆய்வேட்டுக்குள் காட்டிய எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் இருப்பதெல்லாம் உள்ளே காட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஆய்வேட்டைச் சுருக்கிக் கட்டுரையாக்கலாமா?

சுருக்கினால் வராது. 150 பக்கத்தை 12 பக்கமாகப் பிழிந்தால் எல்லாம் இருக்கும், எதுவும் விளங்காது. ஆய்வு வினாக்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். பால் பற்றியது ஒரு கட்டுரை, இடைத்தரகர் பற்றியது இன்னொன்று. மீளாய்வு இரண்டு மூன்று பந்தியாகி அறிமுகத்துக்குள் போகும். நீளம் குறைவாக இருப்பது குறையில்லை. டிஎன்ஏயின் அமைப்பைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை 1953இல் நேச்சர் சஞ்சிகையில் ஒரு பக்கத்துக்குச் சற்றே மேல் இருந்தது.

அனுப்புமுன் அந்தச் சஞ்சிகையின் கடைசி இரண்டு இதழ்களைப் படியுங்கள். மூன்று நாளில் வெளியிடுகிறோம், பணம் மட்டும் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். சக ஆய்வாளர் மதிப்பீடு மூன்று நாளில் நடக்காது.

வைவாவில் (வாய்மொழிப் பரிசோதனையில்) என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் முறையியலையும், உங்கள் முடிவு தரவிலிருந்து வருகிறதா என்பதையும் கேட்பார்கள். பின்னிணைப்பில் உள்ள வினாக்கொத்தை எடுத்து, ‘இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள்?’ என்பதும் வரும். ஒரு பிரதியில் அத்தியாயங்களுக்குச் சிறு தாள் ஒட்டிக் கையோடு கொண்டுபோங்கள். கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள், சேர்மார் அதற்குக் கோபிக்க மாட்டார்கள். தவறு ஒன்றைக் காட்டினால் குறித்துக்கொண்டு, எப்படித் திருத்துவீர்கள் என்று சொல்லுங்கள்.

தடித்த மட்டை பைண்டிங்கை எப்போது செய்வது?

வைவா முடிந்து, திருத்தங்களை மேற்பார்வையாளர் பார்த்துக் கையொப்பம் வைத்தபின். அதுவரை ஸ்பைரல் போதும். இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் தையலுக்குள் எழுத்துப் போய்விடும். முன்பக்கங்களான உறுதியுரை, நன்றியுரை, சுருக்கம், பொருளடக்கம் எல்லாம் ரோம எண்ணில் போக வேண்டும், முதல் அத்தியாயத்தில் 1 தொடங்க வேண்டும். அச்சுக்குக் கொடுக்குமுன் பொருளடக்கத்தில் உள்ள பக்க எண்களை ஒருதரம் புதுப்பித்துவிடுங்கள், திருத்தத்தின்போது அவை நிச்சயம் நகர்ந்திருக்கும்.